விழித்திருந்த மனம் கேட்ட கேள்வி: வடசென்னையில் ஒரு விழுங்கல் அச்சம்

ஹிப்னோதெரபி பற்றி எழுதப்படும் நிகழ்வு ஆய்வுகளில் அமர்வுகள்தான் பெரும்பாலும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மதிப்பீடு நாலு வரியில் முடிந்துவிடும். இந்த ஆய்வில் மதிப்பீடுதான் நீளம். உணவை விழுங்கப் பயந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஏற்பட்ட மாற்றத்தில் பெரும்பங்கு, கண்ணை மூடச் சொல்வதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதே காரணம். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த கதை

வயது முப்பத்தெட்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே இரண்டு தையல் மிஷின் போட்டு, எம்.சி. ரோடு கடைகளுக்கு ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்துக் கொடுப்பவர். எட்டாவது வரை படிப்பு. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி இரவுகள் எண்ணூர் சாலையில் வண்டி வரிசையில்தான் கழியும். பிளஸ் ஒன் படிக்கும் மகள். மாமியாரும் உடன் இருக்கிறார்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரப்பொடி குழம்பு. முள் குத்தியது. “வெறும் சோத்த உருண்டையா புட்ச்சி முழுங்கு, எறங்கிடும்” என்றார் மாமியார். பெரிய உருண்டை. பாதியில் நின்றது, மூச்சு அடைத்தது, மகள் முதுகில் அறைந்தாள், வாந்தியோடு வெளியே வந்தது. (முள் குத்தினால் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்கக் கூடாது. முள் இன்னும் ஆழமாக இறங்க வாய்ப்புண்டு. நம் வீடுகளில் இன்றும் இதுதான் முதல் வைத்தியம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) அன்றிரவே மருத்துவமனைக்குப் போனார்கள். முள் எதுவும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்த்தார். “ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க” என்றார்.

அவரோ திட உணவை ஒவ்வொன்றாக விட்டார். முதலில் மீன், பிறகு கறி, சப்பாத்தி, தோசை, கடைசியில் சோறு. என்னிடம் வந்தபோது கஞ்சியும் குழைத்த இட்லியும் டீயும்தான். 58 கிலோவாக இருந்தவர் 49 கிலோவுக்கு இறங்கியிருந்தார். நடுவில் காசிமேட்டுப் பக்கம் ஒரு அம்மாவிடம் தொக்கம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த அம்மா ஊதி உறிஞ்சி எதையோ எடுத்துக் காட்டியிருக்கிறார். தர்காவில் ஓதிய தண்ணீர், கோயில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆனபிறகு யாரோ, “மெஸ்மரிசம் பண்றவங்க இருக்காங்க, மயக்கி பயத்த எடுத்துடுவாங்க” என்று சொல்ல, தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அறைக்கு மாமியாரும் மருமகளுமாக வந்தார்கள்.

முதலில் பேசியவர் மாமியார். “இன்னா மேடம், மயக்கம் குடுத்து எடுத்துடுவீங்களா? ஒரே தடவையில ஆயிடுமா?”

மருமகள் கேட்டது வேறு. “மயக்குனா எனக்கு என்ன நடக்குதுன்னு தெரியுமா மேடம்? தெரியாதுன்னா வேணாம்.”

இந்த ஒரு கேள்வியில் பாதி மதிப்பீடு இருக்கிறது. ஹிப்னோதெரபி பயிற்சி வகுப்புகளில் பலவற்றில், வெளிமனம் வாசலில் நிற்கும் காவல்காரன், அவனைத் தூங்கவைத்துவிட்டு ஆழ்மனத்துக்குள் நுழைய வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இப்படிக் கேள்வி கேட்பவரை ‘எதிர்ப்பு உள்ளவர்’ என்று குறித்துக்கொள்வார்கள். நான் அப்படிக் குறிப்பதில்லை. ஹிப்னாசிஸில் இருப்பவர் தூங்குவதில்லை. பேசுவது கேட்கும், வேண்டாமென்றால் எழுந்து போகலாம், பெரும்பாலோருக்கு நடந்தது முழுதும் நினைவிருக்கும். கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, சொல்லப்படும் கருத்தை உடல் எளிதாக ஏற்கிறது, அவ்வளவே. எனவே அவருக்குச் சொன்ன பதில்: “எல்லாம் தெரியும். தெரியாம எதுவும் நடக்காது. வேணாம்னா கைய தூக்குங்க, நிறுத்திடலாம்.”

உடம்பை ஒதுக்கிவிட்டு மனத்துக்குப் போகக் கூடாது

திட உணவு இறங்கவில்லை, எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தவரை நேராக நாற்காலியில் சாய்க்கும் சிகிச்சையாளரை நான் ஆபத்தானவர் என்றே சொல்வேன். கேமரா பார்த்தாகிவிட்டதே என்று கேட்கலாம். மூக்கு வழியாக விடும் அந்தக் குழாய் தொண்டையையும் குரல்வளையையும்தான் காட்டும். அதற்குக் கீழே உள்ள உணவுக்குழாய் அதில் தெரியாது.

இவருக்குக் கண்ணின் கீழிமை வெளுத்திருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு எட்டு நாள் போகிறது என்றார். நீண்டகால இரும்புச்சத்துக் குறைவுள்ள பெண்களில் சிலருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து திட உணவைத் தடுக்கும். பிளம்மர்-வின்சன் என்று பெயர். அரிதுதான். ஆனால் அதை விட்டுவிட்டால் பின்னால் புற்றுநோய்வரை போகக்கூடியது. எனவே ரத்தப் பரிசோதனையும் தைராய்டும், பேரியம் என்ற வெண்திரவத்தை விழுங்கவைத்து உணவுக்குழாயைப் படமெடுக்கும் எக்ஸ்ரேயும் கேட்டு மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தேன். முடிவு வரும்வரை ஹிப்னாசிஸ் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு ஏமாற்றம்தான்.

ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் கீழ் போனாலே ரத்தசோகை. தைராய்டு சரி. பேரியம் படத்தில் சவ்வு இல்லை, அடைப்பு இல்லை. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மாத்திரையை விழுங்க முடியாமல் சிரப்பாக மாற்ற வேண்டியிருந்தது. கூடவே இன்னொன்றும் சொல்லியனுப்பினேன்: டீயைச் சிரப்போடும் சாப்பாட்டோடும் சேர்க்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இவரோ டீயில்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை, மெலிந்ததில் வருத்தமே. மூச்சுத்திணறல் பயத்தால் உணவைத் தவிர்க்கும் நிலைக்கு 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டு நூல்) இடம் தருகிறது. இவர் அந்த விவரிப்புக்குள் வருகிறார். குரல் கேட்பது, சந்தேக எண்ணங்கள், வலிப்பு, நினைவு தப்பிப்போகும் இடைவெளிகள் எதுவும் இல்லை. பதற்றத்துக்கான ஜிஏடி-7 வினாத்தாளில் 21-க்கு 14, மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9-இல் 27-க்கு 8. படிக்கச் சிரமப்பட்டதால் கேள்விகளை நானே வாசித்தேன். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு, “என் பொண்ண வுட்டுட்டா? இல்ல மேடம்” என்றார்.

அவர் தனியாகச் சொன்னது

பரிசோதனை முடிவுகளோடு வந்த அன்று, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன். “டாக்டர் சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு என்னன்னு நீங்க நெனைக்கிறீங்க?”

அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியாரை வெளியே உட்காரச் சொன்னேன்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாயில் எப்போதும் புகையிலை. ஒருநாள் சோறு தொண்டையில் நிற்கிறது என்றார். முள்ளாக இருக்கும் என்று உருண்டை விழுங்கவைத்தார்கள். அப்புறம் கஞ்சி, அப்புறம் தண்ணீர். “அடையாறுக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க போறதுக்குள்ள முத்திப்போச்சி.” அடையாறு என்றால் அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனை. அப்பா சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று பார்த்தவர் இவர்தான். அப்போது இவருக்குப் பதினேழு வயது.

“எனக்கும் அதே மாதிரிதான மேடம் ஆரம்பிச்சுது. முள்ளு, உருண்டை, கஞ்சி. டாக்டருங்க ஒண்ணுமில்லன்றாங்க. எங்கப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க.”

ஐந்து மாதமாக அவர் மனம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இதுதான். மருத்துவர்களிடம் இதைச் சொன்னதில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாமியார் முன்னால் சொன்னால், ‘அந்தக் குடும்பத்து நோய்’ என்ற பேச்சு மகள்வரை போய் ஒட்டும் என்ற பயம். தொக்கம் எடுத்த அம்மா காட்டியதைக்கூட இவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். “அது முள்ளு இல்ல மேடம், நாருமாரி இருந்துச்சி” என்றார். நம்பிக்கை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பார்த்ததை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் மனம் அது. அந்தச் சரிபார்ப்புக்கு ஒரு மகளின் நியாயம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஹிப்னாசிஸில் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “உங்கள் தொண்டை ஆரோக்கியமாக இருக்கிறது” என்று தாழ்ந்த குரலில் நூறு முறை சொல்லியிருக்கலாம். விழித்ததும் அவர் மனம் கேட்டிருக்கும்: இவங்களுக்கு எப்படித் தெரியும்? விழித்திருக்கும் மனம் ஆதாரம் கேட்கும்போது, அதற்கு விழிப்பில்தான் பதில் தர வேண்டும். அதை மயக்கிக் கடந்துபோவது நாகரிகமும் அல்ல, பயனும் தராது.

ஆகவே அவரையே மூன்று கேள்விகள் எழுதவைத்து, அப்பாவின் கதையோடு தொண்டை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். அந்த மருத்துவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் பேரியம் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, வெள்ளையாக இறங்கும் கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, “புற்று இருந்தா இந்த ஓரம் இப்படி நேரா இருக்காது, கடிச்ச மாதிரி பிசிறா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். எடை ஏறாவிட்டால் வாய்வழி எண்டோஸ்கோப்பி செய்வோம், எந்த மாதம் என்பது உட்படச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் முதலில் சொன்னது: “அது நான் முழுங்குனது மேடம். நானே பாத்தேன்.”

அன்று இரவு ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டிருக்கிறார். ஹிப்னாசிஸ் இன்னும் தொடங்கவே இல்லை.

எங்கே இறங்குகிறது, எங்கே நிற்கிறது

இருந்தும் அச்சம் போய்விடவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் ஐந்து மாதப் பழக்கம் தொண்டையில் தங்கியிருந்தது. சாப்பிடுவதை என் முன்னால் செய்துகாட்டச் சொன்னேன். ஸ்பூனில் இட்லி, உற்றுப் பார்க்கிறார், விரலால் நசுக்குகிறார், நாற்பது ஐம்பது முறை மெல்கிறார், இடது கை தொண்டைக்குப் போகிறது, மாமியார் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி “முழுங்கு, முழுங்கு” என்கிறார், தோள்கள் காதுவரை ஏறுகின்றன, அப்புறம் விழுங்குகிறார்.

விழுங்குதலில் வாய்க்குள் நடக்கும் பகுதி மட்டுமே நம் வசம். நாக்கு உணவைப் பின்னால் தள்ளியதும் தொண்டை தானாகவே வேலையைத் தொடங்கி ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. அதன்பின் உணவுக்குழாய் எட்டுப் பத்து நொடியில் இரைப்பைக்குக் கொண்டுசேர்க்கும். தானாக நடக்க வேண்டிய அந்த ஒரு நொடியை இவர் கையால் பிடித்து நடத்தப் பார்க்கிறார். வாசகரும் சோதித்துப் பார்க்கலாம்: வாயில் ஒன்றும் இல்லாமல் வேகமாக ஐந்து முறை விழுங்குங்கள். மூன்றாவது நாலாவதிலேயே தொண்டை அடம்பிடிக்கும். அவரையும் செய்யச் சொல்லி நானும் செய்தேன். எனக்கும் நின்றுபோனதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “அப்ப இது நோவு இல்லியா?”

மகள் ஒருநாள் கூட வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: “அம்மா மிஷின்ல உக்காந்தா டீல பொறை தொட்டுத் தொட்டு சாப்புடும் மேடம். அதுக்கே தெரியாது.” அம்மா மறுத்தார். மகள் விடவில்லை: “தீபாவளி ஆர்டர் அப்ப ரெண்டு பொறை சாப்ட்ட. காலர் வெச்சினு இருந்த.” பொறை என்பது டீயில் தொட்டுக்கொள்ளும் காய்ந்த ரொட்டி. கஞ்சியல்ல, ஊறினாலும் திட உணவுதான். கவனம் தையலில் மூழ்கியிருக்கும்போது தொண்டை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இப்படி முழுதாக மூழ்கும் இயல்பு ஹிப்னாசிஸுக்கு உதவக்கூடியது. இந்தத் தகவல் எந்த வினாத்தாளிலும் கிடைத்திருக்காது.

பிறகுதான் கருத்தேற்பை, அதாவது சொல்லும் கருத்தை அவர் உடல் எவ்வளவு எளிதாக ஏற்கிறது என்பதைச் சோதித்தேன். 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் உருவாக்கிய அளவுகோல் பன்னிரண்டு அம்சங்கள் கொண்டது. ஆய்வுக்கு அது தேவை. என் அறையில் அதில் சிலவற்றை மட்டும், அவருக்குப் பழகிய பொருள்களோடு பயன்படுத்துகிறேன். நூலில் ஒரு ஜாக்கெட் பட்டனைக் கட்டி, விரலில் தொங்கவிட்டு, அது வட்டமாகச் சுற்றுவதாக நினைக்கச் சொன்னேன். நன்றாகச் சுற்றியது. எண்ணம் விரலை நமக்குத் தெரியாமலே அசைக்கிறது என்பதை ஃபிரான்சின் வேதியியலாளர் செவ்ரல் 1833-லேயே எழுதியிருக்கிறார். இவரோ என்னிடம் கேட்டார், “நான் ஆட்டலயே?” அந்த வியப்பைக் குறித்துக்கொண்டேன். கை எடையிழந்து மேலே எழுவதாகச் சொன்னது பலிக்கவில்லை. கண்ணை மூடிய பின் அடிக்கடி திறந்து பார்த்தார். வெளியே கன்டெய்னர் வண்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் திறந்தார்.

முக்கியமானது கடைசிச் சோதனை. பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காயை நினைக்கச் சொல்லி, அதன் புளிப்பை மெல்ல மெல்ல விவரித்தேன். எச்சில் ஊறியது. தொண்டை ஏறி இறங்கியது, மறுபடியும், மறுபடியும், தண்ணீர் இல்லாமல், தோள் ஏறாமல். பிறகு திடீரென்று கண் திறந்தது, கை தொண்டைக்குப் போனது. “முழுங்குனேனா?” என்றார். அதற்கப்புறம் ஒரு விழுங்கல்கூட எளிதாக வரவில்லை. தானாக இறங்கியது, அவர் அதைக் கண்டுகொண்டது, கண்டுகொண்டதும் நின்றது. மூன்றையும் ஒரு நிமிடத்துக்குள் என் கண்முன்னே பார்த்தேன்.

திட்டம்

இவரிடம் கண்ணை மூடவைத்து ஆழப்படுத்தும் வழக்கமான முறை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். கண் திறந்திருந்தும், உடல் இயங்கிக்கொண்டும் ஹிப்னாசிஸ் நிகழும் என்பதை 1976-இல் பான்யாயும் ஹில்கார்டும் சைக்கிள் மிதிப்பவர்களிடம் காட்டியிருக்கிறார்கள். இவருக்குச் சைக்கிள் வேண்டாம், தையல் போதும். பார்த்துக்கொண்டே இருக்கும் மனத்துக்குப் பார்க்க ஒரு வேலை கொடுப்பது, தொண்டையை அதனிடமிருந்து மீட்பது. இதுதான் திட்டத்தின் முதுகெலும்பு.

ஒரு கோரிக்கையை மறுத்தேன். உறவினர் ஒருவர், “ஹிப்னாசிஸ்ல சின்ன வயசுக்குக் கூட்டிட்டுப் போனா காரணம் தெரிஞ்சிடும், பூர்வஜென்மமா கூட இருக்கலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஹிப்னாசிஸில் எழும் நினைவுகளில் கற்பனையும் பொய் நினைவும் கலக்கும், ஆனால் உறுதி மட்டும் கூடும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு 1985-லேயே எச்சரித்தது. அப்பாவைப் பற்றி இவருக்குத் தெளிவான, உண்மையான நினைவு இருக்கிறது. அதன்மேல் இன்னொன்றை வரைய எனக்கு உரிமை இல்லை.

ஹிப்னாசிஸால் எவ்வளவு ஆகும் என்பதையும் சொன்னேன். குடல் எரிச்சல் நோயில் (ஐ.பி.எஸ்.) மான்செஸ்டரின் வோர்வெல் குழு 1984-இல் முப்பது நோயாளிகளிடம் செய்த சோதனையிலிருந்து நல்ல ஆதாரம் சேர்ந்திருக்கிறது. விழுங்கல் அச்சத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. படிப்படியாக உணவைப் பழக்குவதே அடிப்படை, ஹிப்னாசிஸ் அதற்குத் துணை. “அப்ப சாப்பிட வேண்டியது நான்தான்” என்றார். ஆமாம்.

அமர்வுகள்

மொத்தம் ஆறு. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் அமர்வில், கால் மெதுவாக மிஷினை மிதிப்பதாக நினைத்து, ஊசி ஏறி இறங்கும் இடத்தைக் கண் திறந்தபடி பார்க்கச் சொன்னேன். தையல் நேராகப் போகிறதா என்று மட்டும் மனம் பார்க்கட்டும். வண்டிச் சத்தம் கேட்டால் கேட்கட்டும், கேட்பது சரிதான். மூச்சு தணிந்து இமைகள் கனத்த பின், மாங்காய். விழுங்கல் வந்தது. அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவரும் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவதில், ஹிப்னாசிஸில் சொல்ல வேண்டிய கருத்துக்கான வாசகத்தை அவரே தந்தார். “கீழ பாபின்ல நூல் தானா ஓடும் மேடம், அத யாரும் பாக்கறதில்ல. மேல துணிய பாத்தா போதும்.” இதைவிட நல்ல வாசகம் என்னால் எழுத முடியாது. அதையே அவருடைய குரலில் கைபேசியில் பதிவுசெய்து, தினமும் சாப்பாட்டுக்கு முன் கேட்கவைத்தோம்.

உணவு வரிசை அவர் போட்டது: ஊறிய பொறை, குழைக்காத இட்லி, ரசம் சாதம், தோசையின் நடுப்பகுதி, அப்புறம் முறுகல் ஓரம், சப்பாத்தி, கோழி. மெல்லும் எண்ணிக்கையையும் தொண்டையில் கை வைப்பதையும் தண்ணீர் டம்ளரையும் ஒவ்வொன்றாக விட்டார். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொன்னால் மனம் புண்படும். ஆகவே அவருக்கு வேறு பொறுப்பு தந்தேன்: சிரப் வேளை தவறாமல் கொடுப்பது, முருங்கைக்கீரை, டீக்கு நேரக் கணக்கு. மருமகளின் தொண்டையைவிட ரத்தத்தின்மேல் அவர் கண் திரும்பியது. அதை மிகச் சிறப்பாகவே செய்தார்.

நாலாவது அமர்வுக்கு முன் சப்பாத்தி சிக்கி இருமியிருக்கிறார், இரண்டு நாள் கஞ்சிக்குத் திரும்பியிருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டதில், கணவர் சம்பளம் தள்ளிப்போன வாரம், மகளின் கட்டணம், இரவு பன்னிரண்டு மணிக்கு அவசரமாகச் சாப்பிட்டது. உணவுக்குழாயின் மேல்வாயில் உள்ள தசை பதற்றத்தில் இறுகக்கூடியது என்று முன்பே விளக்கியிருந்ததால், “அது இறுகிடிச்சி மேடம், நோவு இல்ல” என்று அவரே சொன்னார். அடுத்த வாரம் மறுபடி சப்பாத்தி.

ஆறு மாதத்துக்குப் பின்

எடை 54. ஹீமோகுளோபின் 11.4, இன்னும் போதாது, இரும்புச்சத்து தொடர்கிறது, இப்போது மாத்திரையாக. அதிகமான மாதவிலக்குக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவருகிறார். ஜிஏடி-7 மதிப்பெண் 5. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கணவர் வெளியே கூட்டிக்கொண்டு போனபோது பிரியாணி சாப்பிட்டதாக மகள் தகவல் அனுப்பினாள். அப்பாவின் நோயைப் பற்றி மகளிடம் தானே சொல்லியிருக்கிறார். புகையிலையால் வந்தது என்றும் விளக்கியிருக்கிறார்.

வஞ்சிரம் துண்டு சாப்பிடுகிறார். காரப்பொடி, கவளை போன்ற முள் நிறைந்த மீன்களைத் தொடுவதில்லை, தொட விருப்பமும் இல்லை என்கிறார். அதை நான் இலக்காக வைக்கவில்லை.

முடிவுக் கடிதத்தின் ஒரு பிரதி தொண்டை மருத்துவரிடமும் ஒன்று அவரிடமும் இருக்கிறது. திட உணவு மறுபடி தொடர்ந்து நின்றாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், என்னிடம் பிறகு வரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அவரை வாசிக்கவைத்து, புரிந்ததைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே கையெழுத்திட்டேன்.